உருகிய தண்ணீர் எங்கே போகிறது? ஜெட் விமானத்தின் ஐஸ் தடுப்பைப் புரிந்துகொள்ளும் வழி

ஐஸ் தடுப்பு அமைப்பைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஸ்விட்சிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த ஸ்விட்ச் எந்த வால்வைத் திறக்கும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரியும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். நடு இரவில் ஒரு விமானம் பழுதோடு வந்து நிற்கும்போது போதாது.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறேன். அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தண்ணீர் எங்கே வந்து ஒட்டுகிறது? அதை உருக்கும் சூடு எங்கிருந்து வருகிறது? உருகிய தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? முதல் இரண்டுக்கும் எல்லாரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் திணறுவார்கள். இந்த அமைப்பு ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான காரணங்களில் பாதி அந்த மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் துளியைப் புரிந்துகொள்ளுங்கள்

மேகத்தில் இருக்கும் தண்ணீர் 0 டிகிரி ஆனவுடன் உறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு சிறு துளி உறைய வேண்டுமென்றால் பற்றிக்கொள்ள ஒரு தூசியோ ஐஸ் துகளோ வேண்டும். அது கிடைக்காத துளி மைனஸ் 10, மைனஸ் 20 என்று குளிர்ந்தும் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும். மைனஸ் 40-ஐ நெருங்கினால்தான் எந்தத் துணையும் இல்லாமல் தானாக உறையும். இப்படி உறையாமல் காத்திருக்கும் துளிகளுக்குள் விமானம் பாயும்போது, மோதிய இடத்திலேயே அவை ஐஸாகின்றன.

நல்ல குளிரில் சின்னத் துளிகள் மோதினால் பட்ட கணத்திலேயே உறையும். நடுவில் காற்று சிக்கிக்கொள்வதால் அந்த ஐஸ் வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். 0 டிகிரிக்குச் சற்றே கீழே, பெரிய துளிகள் மோதினால் கதை வேறு. துளியில் ஒரு பகுதி உறைய, மீதி பின்னால் வழிந்து போய் உறையும். இது கண்ணாடி மாதிரி தெளிவாக, கெட்டியாக, கண்ணுக்கு எளிதில் படாமல் இருக்கும். இரண்டில் இதுதான் ஆபத்தானது. இறக்கையின் முன்விளிம்பில் கொம்பு மாதிரி வளர்ந்து காற்றோட்டத்தையே மாற்றிவிடும்.

எங்கே ஒட்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு: மெல்லிய விளிம்புதான் அதிகம் பிடிக்கும். தடித்த பொருள் ஒன்று காற்றில் வரும்போது, அதற்கு வெகு முன்பிருந்தே காற்று விலகத் தொடங்குகிறது. துளிகளுக்கும் அந்தக் காற்றோடு சேர்ந்து விலக நேரம் கிடைக்கிறது. மெல்லிய விளிம்பில் காற்று கடைசி நொடியில்தான் திரும்பும்; துளியால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாமல் நேராகப் போய் மோதும். அதனால் இறக்கையில் ஐஸ் தெரிவதற்கு முன்பே வேகத்தை அளக்க முன்னே நீட்டியிருக்கும் பிட்டோ குழாயிலும், வைப்பர் கையிலும், வால் சிறகின் முன்விளிம்பிலும் பிடித்துவிடும். போயிங் 737 ஓட்டும் விமானிகள் வைப்பரின் போல்ட்டைப் பார்ப்பது இதனால்தான். ஏர்பஸ் ஏ320-இல் இதற்கென்றே இரண்டு முன் கண்ணாடிகளுக்கு நடுவே வெளியில் ஒரு சிறிய குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் பார்க்க அதற்கு விளக்கும் உண்டு.

கொஞ்சம் ஐஸ்தானே என்று விடவும் முடியாது. நடுத்தர உப்புக் காகிதத்தின் சொரசொரப்பு அளவுக்கு இறக்கையின் முன்விளிம்பில் உறைபனி இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எடையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கெட்டுப்போவது இறக்கையின் வடிவம்.

10 டிகிரியிலேயே ஏன் போட வேண்டும்?

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "சார், தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும்? கையேட்டில் 10 டிகிரி என்று போட்டிருக்கிறார்களே?"

இன்ஜினுக்கான விதி சுருக்கமாக இதுதான்: கண்ணுக்குத் தெரியும் ஈரம் இருந்து, வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் இன்ஜின் ஆன்ட்டி-ஐஸ், அதாவது ஐஸ் தடுப்புச் சூடு, போட்டாக வேண்டும். ஈரம் என்றால் மேகம், மழை, பனிப்பொழிவு, அடர்ந்த மூடுபனி எல்லாம் சேரும். தரையில் ஓடுபாதையில் தேங்கிய நீரும், உருகும் பனிக்கூழும் கூடச் சேரும்.

தரையில் நிற்கும்போது இன்ஜின் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. வாயில் விளிம்பைச் சுற்றி வளைந்து உள்ளே போகும் காற்று வேகமெடுக்கிறது; வேகமெடுத்தால் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் வெப்பநிலையும் இறங்குகிறது. வெளியே 4, 5 டிகிரி இருக்கும்போதே வாய்க்கு உள்ளே உறைநிலைக்குக் கீழே போக முடியும். அளவுமானியில் பிழை இருக்கலாம், மேகத்துக்கு மேகம் வெப்பம் மாறலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் 10 என்று வைத்திருக்கிறார்கள்.

பறக்கும்போது பார்க்க வேண்டியது மொத்த வெப்பநிலை. வேகமாகப் போகும் விமானத்தில் மோதி நிற்கும் காற்று சூடாகிறது. வெளியே மைனஸ் 55 இருக்கும்போது ஒலியின் வேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் போனால், மோதும் முனையில் கிட்டத்தட்ட மைனஸ் 27 காட்டும். ஏறத்தாழ 28 டிகிரி ஏற்றம். ஆனால் மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. ஏறும்போதும், உயரத்தில் சமமாகப் பறக்கும்போதும், மோதல் சூடு சேராத வெளிக்காற்றின் வெப்பம் மைனஸ் 40-க்குக் கீழே இருந்தால் போட வேண்டியதில்லை. திரவத் துளி அங்கே மிஞ்சியிருக்காது. இறங்கும்போது மட்டும் இந்த விலக்கு கிடையாது. மேகத்துக்குள் இறங்கப் போகிறீர்கள் என்றால் மைனஸ் 40-க்குக் கீழே இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் குறைந்த விசையில் சுழன்றுகொண்டிருக்கும், வெப்பமான காற்றுக்குள் நிமிடத்துக்கு நிமிடம் போய்க்கொண்டிருப்பீர்கள். தாமதிக்க அது இடமில்லை.

இன்ஜின் வாய்: சூடு எங்கிருந்து வருகிறது

இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வாயைச் சுற்றி ஒரு பளபளப்பான உலோக வளையம் இருக்கும். மற்ற இடமெல்லாம் பெயிண்ட் இருக்க, அங்கே மட்டும் இருக்காது. அந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஆங்கில டி எழுத்தின் குறுக்குவெட்டில் ஒரு வட்டமான கூடம். உள்ளே வரும் காற்றை அழுத்திச் சூடேற்றும் கம்ப்ரஸரிலிருந்து எடுத்த காற்று அதற்குள் பாய்ந்து, விளிம்பின் உட்புறத்தைச் சூடாக்குகிறது. சில வடிவமைப்புகளில் வளையம் முழுக்க ஓடும் துளைகள் போட்ட குழாய் வழியே காற்று தோலின் மேல் பீய்ச்சப்படும். வேறு சிலவற்றில் ஒரே ஒரு நாசில், காற்றை ஒரு திசையில் வீசிக் கூடம் முழுக்கச் சுற்றவைக்கும். வேலை முடித்த காற்று வளையத்தின் வெளிப்பக்கம் உள்ள திறப்பு வழியாக வெளியே போகும்.

ஏ320-இல் இருக்கும் சிஎஃப்எம்56 இன்ஜினில் இந்தக் காற்று கம்ப்ரஸரின் 5-ஆம் நிலையிலிருந்து தனிக் குழாயில் வருகிறது. இறக்கைக்கும் கேபினுக்கும் போகும் காற்று முதலில் ஒரு குளிர்விப்பானில் 200 டிகிரி வாக்கில் இறக்கப்படும். இன்ஜின் வாய்க்குப் போகும் காற்று அந்தச் சுற்றெல்லாம் சுற்றாமல் நேராகப் போகிறது. ஒவ்வொரு இன்ஜினும் தன் வாயைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. பக்கத்து இன்ஜினை நம்பி இருப்பதில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. இன்ஜின் வாயில் ஐஸ் பிடித்த பின் சூட்டைப் போட்டால் என்ன ஆகும்? தோலை ஒட்டிய அடுக்கு உருகும், மேலே உள்ள கட்டி கழன்றுகொள்ளும், கழன்றது நேராக ஃபேனுக்குள் போகும். அதனால்தான் இன்ஜினுக்கு எப்போதுமே தடுப்பு முறை: ஐஸ் வருமுன்பே சூடு அங்கே இருக்க வேண்டும். மறந்துபோய்த் தாமதமாகப் போடும் நிலை வந்தால், ஒரு இன்ஜினுக்கு முதலில் போட்டு, அது சீராக ஓடுவதைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போடுவது விமானிகளின் நல்ல பழக்கம். 737-இல் ஆன்ட்டி-ஐஸ் போடும்போது தீப்பொறி தொடர்ந்து அடித்துக்கொண்டிருப்பதும் இதற்கான பாதுகாப்பே. கொஞ்சம் தண்ணீரோ ஐஸோ உள்ளே போனாலும் நெருப்பு அணையக் கூடாது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் கவனியுங்கள். ஏ320-இல் இன்ஜின் ஆன்ட்டி-ஐஸ் வால்வுக்கு மின்சாரம் நின்றால் அது தானாகத் திறந்துகொள்ளும். இறக்கை ஆன்ட்டி-ஐஸ் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஒரே விமானத்தில் இரண்டு எதிரெதிர் முடிவுகள். இன்ஜின் வாயில் வேண்டாத சூடு இருந்தால் கொஞ்சம் விசை குறையும், எரிபொருள் கூடும், அவ்வளவுதான். வேண்டிய நேரத்தில் சூடு இல்லாவிட்டால் இன்ஜினே போகலாம். இறக்கையில் கணக்கு திரும்பிவிடுகிறது: காற்றோட்டம் இல்லாமல் தரையில் நிற்கும் இறக்கைக்குள் 200 டிகிரிக் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் அலுமினியத்தின் பலமே கெடும். ஒரு வால்வு எந்தப் பக்கம் தோற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதை இந்த ஒரு இடத்தில் பார்க்கலாம். எனக்கு இந்த அமைப்பிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

வாய்க்கு நடுவே சுழலும் மூக்கை ஸ்பின்னர் என்போம். பெரிய டர்போஃபேன்களில் அதற்குப் பெரும்பாலும் சூடு கிடையாது. சுழற்சியின் வேகத்திலேயே ஐஸ் உதறப்பட வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரெண்ட் இன்ஜின்களில் மூக்கின் நுனி ரப்பரால் ஆனது. அது அதிர்ந்து அதிர்ந்து ஐஸை நிலைகொள்ள விடாது. வடிவத்திலும் ஒரு பேரம் இருக்கிறது. கூம்பு வடிவம் ஐஸ் சேராமல் தடுப்பதில் நல்லது, முட்டை வடிவம் ஆலங்கட்டியை ஓரமாகத் தள்ளிவிடுவதில் நல்லது. 1988 மே மாதம் எல் சால்வடார் நாட்டின் டாக்கா (TACA) விமான நிறுவனத்தின் 737 ஒன்று ஆலங்கட்டி மழையில் இரண்டு இன்ஜினும் அணைந்து நியூ ஆர்லியன்ஸ் அருகே ஒரு கரைத்திட்டின் புல்வெளியில் இறங்கியது. அதற்குப் பின் சிஎஃப்எம்56-3 இன்ஜின்களில் கூம்பு முட்டையாக மாறியது. பின்னர் வந்த சிஎஃப்எம்56-7பி-யில் இருப்பது இரண்டுக்கும் நடுவிலான வடிவம். அடுத்த முறை அருகில் போகும்போது மூக்கைப் பாருங்கள், தெரியும்.

ஃபேன் பிளேடுகளுக்கும் சூடு இல்லை. உறையும் மூடுபனியில் நீண்ட நேரம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தால் பிளேடுகளில் ஐஸ் சேரும். அதை உதற, குறிப்பிட்ட இடைவெளியில் இன்ஜினைச் சற்று உயர்த்தி ஓட்டச் சொல்கிறது கையேடு. சிஎஃப்எம்56-7பி பொருத்திய 737-களில், வெளி வெப்பம் 3 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால், 30 நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஃபேன் வேகத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றிச் சுமார் 30 விநாடி வைக்க வேண்டும். மற்ற இன்ஜின்களுக்கு எண்கள் மாறும். அந்தந்தக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஆன்ட்டி-ஐஸ் போடாவிட்டால் ஐஸ் மட்டும் வருவதில்லை, பொய்யும் வரும். 1982 ஜனவரி 13 அன்று ஏர் ஃப்ளோரிடா 90, பனிப்பொழிவுக்கு நடுவே வாஷிங்டனிலிருந்து கிளம்பியது. இன்ஜின் ஆன்ட்டி-ஐஸ் போடப்படவில்லை. அந்த 737-200-இல் இன்ஜின் விசையை வாய் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதமாகக் காட்டுவார்கள். வாயில் அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய் ஐஸால் அடைபட்டதால் விகிதம் கூடுதலாகத் தெரிந்தது. மானியில் 2.04 காட்டியபோது உண்மையில் இருந்தது சுமார் 1.70. இறக்கைகளிலும் பனி இருந்தது. விமானம் பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இன்ஜினிடம் இன்னும் விசை மிச்சம் இருந்தது என்பதுதான் இந்த விபத்தைப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் என்னை உலுக்குவது.

இறக்கை: எவ்வளவு சூடு, எந்த இடத்தில்

இறக்கை முழுவதையும் யாரும் சூடாக்குவதில்லை. துளி மோதுவது முன்விளிம்பில். அங்கே மட்டும் போதும். முன்விளிம்பிலும் முழு நீளத்துக்கும் கிடையாது. 737-இன் புதிய வகைகளில் ஒவ்வொரு இறக்கையிலும் நான்கு ஸ்லாட் (slat), அதாவது முன்விளிம்பில் முன்னே நகர்ந்து நீளும் பலகைகள். அவற்றில் உள்பக்கம் உள்ள மூன்றுக்கு மட்டும் சூடு. ஏ320-இல் ஐந்து ஸ்லாட். வெளிப்பக்கம் உள்ள மூன்று, அதாவது 3, 4, 5 மட்டும் சூடாகும். ஒரே அளவு விமானங்கள், ஒன்று உள்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது, மற்றது வெளிப்பக்கத்தை. ஒரு பகுதியில் ஐஸ் பிடித்தாலும் பாதுகாப்பாகப் பறக்க முடியும் என்று சோதனையில் நிரூபித்துவிட்டால் அங்கே சூடு தேவையில்லை. இரண்டிலுமே வால் சிறகுக்கு ஐஸ் தடுப்பு கிடையாது. ஐஸோடு பறக்கும் அளவுக்கு அதைத் தாராளமாக அளவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்லாட்டுக்குள் காற்றைக் கொண்டுபோவது எளிதல்ல. ஸ்லாட் நகரும், இறக்கையின் உடல் நகராது. அதனால் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய் வைத்திருக்கிறார்கள். ஸ்லாட் முன்னே போகப் போக அது நீளும். ஸ்லாட்டுக்குள் போனதும் துளைகள் போட்ட நீண்ட குழாய். அதன் துளைகள் முன்னோக்கி, துளி மோதும் கோட்டைப் பார்த்து இருக்கும். பீய்ச்சிய காற்று தோலைச் சூடாக்கிவிட்டு ஸ்லாட்டின் அடிப்பக்கத் திறப்புகள் வழியே வெளியேறும்.

சரி, உருகிய தண்ணீர்? இங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

ஒரு கிலோ ஐஸை உருக்க சுமார் 334 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,500 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். மோதும் தண்ணீரை முழுதாக ஆவியாக்கிவிடலாம் என்று வடிவமைத்தால் பின்னால் எதுவும் வழியாது, ஆனால் கம்ப்ரஸரிலிருந்து ஏராளமான காற்றைத் திருட வேண்டும். உறையாமல் மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று வடிவமைத்தால் சூடு மிச்சம், ஆனால் தண்ணீர் பின்னால் வழிந்து, சூடில்லாத தோலுக்குப் போய் அங்கே உறையும். வழிந்து உறைந்த ஐஸ் என்று இதைச் சொல்வோம். சூடான பகுதிக்குச் சற்றுப் பின்னால் ஒரு வரம்பு போல எழும். முன்விளிம்பு பளிச்சென்று சுத்தமாக இருக்க, அதற்குப் பின்னால் ஒரு மேடு நின்றுகொண்டிருக்கும்.

சூடில்லாத இடத்தில் எழும் வரம்பு எவ்வளவு கொடியது என்பதை 1994 அக்டோபர் 31 அன்று இந்தியானாவில் ரோஸ்லான் அருகே விழுந்த அமெரிக்கன் ஈகிள் 4184 காட்டியது. அது ஜெட் இல்லை, ஏடிஆர் 72 என்ற டர்போபுராப், அதாவது புரொப்பெல்லர் விமானம். முன்விளிம்பில் சூடுக்குப் பதில் காற்றால் உப்பி ஐஸை உடைக்கும் ரப்பர் உறைகள் இருந்தன. இறங்க அனுமதி கிடைக்காமல் உறையும் தூறலுக்குள் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, பெரிய துளிகள் அந்த உறைகளையும் தாண்டிப் பின்னால் போய் உறைந்து வரம்பாக எழுந்தன. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலிரான் தானாகவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. 68 பேரும் இறந்தார்கள். அதுவரை சான்றளிப்பு விதிகள் கணக்கில் எடுத்த துளியின் அளவு 50 மைக்ரான் வரைதான். தூறல் துளி அதைவிடப் பல மடங்கு பெரிது. பெரிய துளிகளுக்கான அமெரிக்க விதி 2014-இல்தான் வந்தது. ஒரு விபத்துக்கும் அதன் விதிக்கும் நடுவே இருபது ஆண்டுகள். இதை என்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடக்க முடியவில்லை.

இன்ஜினுக்கும் இறக்கைக்கும் நடைமுறையில் உள்ள பெரிய வித்தியாசம் இதிலிருந்து வருகிறது. 737-இல் இறக்கைக்குப் பரிந்துரைக்கும் முதல் வழி, கொஞ்சம் ஐஸ் சேரவிட்டு அப்புறம் சூட்டைப் போட்டுக் கழற்றுவது. கட்டியாகக் கழன்றால் அது காற்றோடு போய்விடும். வழிந்து போய் உறைய தண்ணீர் குறைவாகவே இருக்கும். தொடர்ந்து சூட்டைப் போட்டு வைத்தால் விசையும் எரிபொருளும் வீண். இறக்கையிலிருந்து கழன்ற ஐஸ், இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜினின் வாய்க்குள் போகாது. இன்ஜினைப் பின்னால் உடம்போடு ஒட்டி வைத்த விமானங்களில் இந்தச் சமாதானம் செல்லாது.

அதற்கும் சாட்சி இருக்கிறது. 1991 டிசம்பர் 27 அன்று ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்டி-81 ஒன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பியது. இரவு முழுக்க டேங்கில் குளிர்ந்திருந்த எரிபொருள் இறக்கையின் மேல்தோலில் தெளிவான ஐஸை உண்டாக்கியிருந்தது. யார் கண்ணிலும் அது படவில்லை. எழும்பும்போது இறக்கை வளைய, ஐஸ் உடைந்து பின்னால் இருந்த இரண்டு இன்ஜின்களுக்குள்ளும் போனது. இரண்டும் நின்றன. விமானம் கோட்ரோரா அருகே வயலில் இறங்கி மூன்று துண்டாக உடைந்தது. இருந்த 129 பேரும் பிழைத்தார்கள். பறக்கும்போது வேலை செய்யும் எந்த ஐஸ் தடுப்பும் அவர்களுக்கு உதவியிருக்காது. டேங்கின் மேல்தோலில் சூடு கிடையாது. கையால் தடவிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

தரையில் தெளிக்கும் திரவங்களைப் பற்றிச் சுருக்கமாக. முதல் வகை ஆரஞ்சு நிறம், தண்ணீர் மாதிரி நீர்த்தது, சூடாக அடித்து இருக்கும் ஐஸை எடுப்பதற்கு. நான்காம் வகை பச்சை, கொழகொழப்பானது, புதிதாக விழும் பனியைச் சிறிது நேரம் ஏந்திக்கொள்வதற்கு. ஓட்டத்தில் வேகம் கூடும்போது காற்றே அதை வழித்துவிடும். எழும்பிய பின் இந்தத் திரவத்துக்கு வேலை இல்லை. அதிலிருந்து மேகத்துக்குள் காப்பாற்ற வேண்டியது விமானத்தின் சொந்த அமைப்பு.

மின்சாரம், அப்புறம் ஐஸ் படிகம்

போயிங் 787 வந்தபோது இறக்கைக்குக் கம்ப்ரஸர் காற்றை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். ஸ்லாட்டின் உட்புறம் மின்சார வெப்பப் படலங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அடிப்பக்கம் காற்று வெளியேறும் துளைகளே இல்லை. ஆனால் அதே 787-இல் இன்ஜின் வாய்க்கு இன்னும் இன்ஜினின் சூடான காற்றுதான். காற்று எடுக்கும் இடத்துக்கும் தேவைப்படும் இடத்துக்கும் தூரமே இல்லாதபோது அதை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. பிட்டோ குழாய், காற்று இறக்கையில் படும் கோணத்தை அளக்கும் தாக்குகோண உணரி, காக்பிட் கண்ணாடி ஆகியவை எல்லா ஜெட்டிலும் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். கண்ணாடியின் அடுக்குகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் இருக்கும். அது சூடானால் பறவை மோதலைத் தாங்கும் நெகிழ்வும் கண்ணாடிக்குக் கூடும்.

சில விமானங்களில் ஐஸைத் தானாக உணர்ந்து வால்வைத் திறக்கும் ஏற்பாடு உண்டு. உணரி ஒரு சிறு குச்சி. நொடிக்கு சுமார் 40,000 முறை அதிர்ந்துகொண்டிருக்கும். அரை மில்லிமீட்டர் அளவு ஐஸ் ஒட்டினாலே எடை கூடி அதிர்வெண் இறங்கும். உடனே சைகை போகும், குச்சி தன்னைத்தானே சூடாக்கி ஐஸை உதறிவிட்டு மறுபடி அளக்கத் தொடங்கும். அழகான கருவி.

ஆனால் அந்தக் குச்சியின் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. பெரிய இடிமேகங்களுக்கு அருகே, வெகு உயரத்தில், தூள் போன்ற ஐஸ் படிகங்கள் மிதக்கும். அவை குளிர்ந்த தோலில் ஒட்டாமல் தெறித்துப் போய்விடும். இறக்கை சுத்தமாக இருக்கும், ரேடாரிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இன்ஜினுக்குள் போனவை சூடான கம்ப்ரஸர் பிளேடுகளில் பட்டு உருகும். உருகிய தண்ணீர் அந்தப் பரப்பைக் குளிர்விக்க, பின்னால் வரும் படிகங்கள் அதில் ஒட்டி ஐஸாக வளரும். வெளியே சூடாக்கப்பட்ட வாய் விளிம்பு இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மொத்த வெப்பநிலை மானி திடீரென்று 0 டிகிரியில் போய் நின்றுகொண்டால், அந்த உணரியிலும் படிகம் குவிந்திருக்கலாம் என்று விமானிகள் சந்தேகப்பட வேண்டும். 2013-இல் ஜென்எக்ஸ் இன்ஜின் பொருத்திய 747-8, 787 விமானங்கள் இப்படிப்பட்ட மேகங்களிலிருந்து 50 நாட்டிகல் மைல் விலகிப் போகுமாறு போயிங் அறிவுறுத்தியது.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

ஐஸ் தடுப்பில் பழுது என்று விமானம் வந்து நின்றால் நான் முதலில் கணினித் திரைக்குப் போவதில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு இன்ஜின் வாயைச் சுற்றிப் பார்ப்பேன். பளபளப்பான வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால், அங்கே அளவுக்கு மீறிச் சூடு பட்டிருக்கிறது. உள்ளே குழாய் உடைந்திருக்கலாம், அல்லது வால்வு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டிருக்கலாம். பிறகு வெளியேறும் திறப்பு. அதில் அடைப்பு இருந்தால் சூடான காற்று உள்ளேயே தேங்கும். உள்ளே போகும் வழி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. வளையத்தில் சிறு பள்ளம் தெரிந்தால் அளந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

வால்வு திறக்கவில்லை என்றால், அதைக் கழற்றுவதற்கு முன் அதற்குக் காற்று வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் பல, மின்சாரத்தின் உத்தரவில் காற்றின் அழுத்தத்தால் நகருபவை. அழுத்தம் இல்லாமல் சோதித்துவிட்டு வால்வு கெட்டது என்று எழுதினால், நல்ல வால்வு ஒன்று பட்டறைக்குப் போகும், பழுது அப்படியே விமானத்தில் நிற்கும். வால்வு உண்மையிலேயே சிக்கிக்கொண்டு, உதிரியும் கையில் இல்லாவிட்டால், பல வகைகளில் அதைக் கையால் திறந்தோ மூடியோ பூட்ட இடம் உண்டு. எந்த நிலையில் பூட்டலாம், என்ன நிபந்தனையில் பறக்கலாம் என்பதைக் குறைந்தபட்ச உபகரணப் பட்டியல் சொல்லும். மூடிப் பூட்டினால் ஐஸ் வாய்ப்புள்ள வழியில் அனுப்பக் கூடாது. திறந்து பூட்டினால் விசைக் கணக்கைக் குறைக்க வேண்டும். இதை விமானியிடம் வாயால் சொல்வதோடு விடாதீர்கள், பதிவேட்டிலும் எழுதுங்கள்.

இறக்கைப் பக்கம், ஸ்லாட்டுகளை முழுக்க நீட்டி அந்தச் சறுக்குக் குழாயைப் பாருங்கள். அதன் சீல்தான் முதலில் தேயும். ஏ320-இல் தரையில் இறக்கை ஸ்விட்சை அழுத்தினால் வால்வுகள் 30 விநாடி திறந்து, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு மூடிவிடும். காற்றழுத்தம் கொடுத்து அந்த 30 விநாடியில் முன்விளிம்பின் கீழே பாதுகாப்பான தூரத்தில் நின்று கேட்டால், அடித் திறப்புகளிலிருந்து வரும் சீரான இரைச்சலும், சீல் விட்ட இடத்தின் கூர்மையான சீறலும் தனித்தனியாகக் காதில் விழும். திறப்புகளுக்குக் கீழே யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 200 டிகிரிக் காற்று அது. ஸ்லாட்டின் வடிகால் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். உருகிய தண்ணீர் உள்ளே தங்கினால் அடுத்த பயணத்தில் அங்கேயே உறையும்.

குளிர்காலத்தில் பச்சைத் திரவம் அடிக்கடி வாங்கும் விமானமென்றால், வாலிலும் இறக்கையின் பின்பகுதியிலும் காற்று நேராகப் படாத இடுக்குகளைத் திறந்து பார்க்க வேண்டும். காய்ந்த திரவம் அங்கே பொடியாக ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் விட்டால் பல மடங்கு உப்பி ஜெல்லாக எழும். மழையில் நனைந்து அப்படி உப்பி, உயரத்தில் போய் உறைந்தால் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசையவிடாது. துடைத்துக் கழுவி எடுத்தபின், கழுவியதால் போன கிரீஸைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

ஐஸ் மேகத்தின் வழியே இறங்கி வந்த விமானம் நிறுத்துமிடத்துக்கு வரும்போது ஃப்ளாப்புகள், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் நீளும் பலகைகள், இன்னும் கொஞ்சம் நீட்டியபடியே இருக்கும். விமானி மறந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே இழுக்கச் சொல்லாதீர்கள். ஃப்ளாப்பின் இடுக்கில் ஐஸ் இருந்தால், இழுக்கும்போது அது நசுங்கித் தோலையும் தண்டவாளத்தையும் கெடுக்கும். கீழே போய் இரண்டு பக்கமும் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் சைகை காட்டிய பிறகே அவர் உள்ளே இழுப்பார். பார்க்கும்போதே ஃபேன் பிளேடுகளின் பின்பக்கத்தையும் தடவிப் பார்த்துவிடுங்கள். அங்கே ஐஸ் இருந்தால், சூடான காற்றைக் கொண்டு உருக்கி, ஃபேனைக் கையால் சுற்றித் தடையில்லாமல் சுழல்கிறதா என்று உறுதி செய்த பின்புதான் இன்ஜினை மறுபடி இயக்கலாம்.